புரவலர் கடனும் விளையாட்டறமும்

உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்கு ஒழுங்கும் ஒருங்கே தருவது விளையாட்டு. அதனாலேயே கல்வி நிலையங்கள் ஏட்டுக் கல்விக்கு அடுத்த இடத்தை மைதானத்துக்கு அளித்துள்ளன. தோல்வியைத் தளராது ஏற்றலும் வெற்றியைச் செருக்கின்றிப் பெறுதலும் சொல்லிக் கொடுத்து வருவன அல்ல, ஆடியே அறியத்தக்கன. ஆயின் ஆட்டம் வளர வளர அதற்கு வேண்டும் பொருளும் வளர்கின்றது. சப்பாத்து, சீருடை, பயிற்றுநர் ஊதியம், பேருந்துக் கட்டணம், சத்துணவு ஆகியன பாடசாலையின் சிறு வருவாய்க்குள் அடங்குவன அல்ல. ஆகவே வணிக நிறுவனங்களும் செல்வரும் பழைய மாணவர் சங்கங்களும் அனுசரணை என்னும் பெயரால் உதவ முன்வருகின்றனர். பண்டைத் தமிழர் புரவலர் என்று போற்றியோர் நின்ற இடத்தில் இன்று அனுசரணையாளர் நிற்கின்றனர்.

இவ்வுதவி போற்றத்தக்கதே. எனினும் அதனுள் அரியதொரு வினா மறைந்து கிடக்கின்றது. தாம் தாங்கிவந்த வீரன்மீது வஞ்சகக் குற்றம் சாட்டப்படுமாயின் புரவலர் செய்யத்தக்கது யாது? அன்றே கைவிடுவதா? அன்றி, எவர் யாது கூறினும் உடன்நிற்பதா? முன்னதை நேர்மை என்பர் சிலர். பின்னதை நன்றியுணர்வு என்பர் வேறு சிலர். இரண்டும் ஆராய்ந்து கொள்ளப்படவேண்டியன.

புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. வென்னப்புவையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என வடக்கே சென்று கற்பிட்டி முனைவரை நீளும் இக்கரையின் பெருந்தொழில்கள் மீன்பிடியும் உப்பு விளைவிப்புமாம். கரைவலையில் இன்று மீன் பட்டால் நாளை வெறுவலை வருதலும் உண்டு. இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டத்துக்கும் தேசிய மட்டத்துக்கும் செல்லும்போது, திறமைக்கு முன்னே வழிச்செலவு வந்து நிற்கின்றது. புத்தளம் நகரம் உதைபந்தாட்டத்துக்குப் பெயர்பெற்றது; சிலாபத்தின் மேரியன்ஸ் கழகம் நாட்டின் முதற்தரக் கிரிக்கட் போட்டிகளில் இடம்பெற்றது. இத்தகைய ஊர்களில் ஒரு மாணவனுக்குப் பெரும்பாலும் ஒரு புரவலரே உளர். அவர் விலகினால் ஆட்டம் நிற்கும். சிலவேளை படிப்பும் நிற்கும். அவர் தவறாகத் தாங்கினாலோ, பொய்யால் வெல்லலாம் என்னும் பாடத்தை ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் கற்பர்.

இவ்வினாவைப் பாரதம் முன்னரே எழுப்பியுள்ளது. உடப்பிலே திரௌபதி அம்மனுக்கு ஆடி மாதத்தில் தீமிதிப்பு நிகழ்கின்றது. அவ்வூர்ச் சிறுவனும் அறிந்த கதை அது. அரங்கேற்றக் களத்தில் அருச்சுனனோடு பொரவந்த கன்னனை, அவன் குலத்தைச் சுட்டித் தடுத்தனர். அவ்வேளை துரியோதனன் அவனை அங்க நாட்டு மன்னனாக்கினான். செயலளவில் அது நன்றே. திறமையைப் பிறப்பால் அளப்பது அறமன்று. ஆயின் கொடுத்தவன் கருத்து யாது? கன்னனின் வில்லாண்மையைப் போற்றுதல் அன்று. பாண்டவரை வெல்ல ஒரு கருவியைப் பெறுதலே. கொடையின் வேர் பகையில் இருந்தமையால் அதன் கனியும் கசந்தது.

அக்கசப்பு சூதவையில் வெளிப்பட்டது. சகுனியின் வஞ்சகத்துக்குத் துணைநின்றவன் அதே துரியோதனன். அங்கு இழைக்கப்பட்ட கொடுமையை அறமன்று என எழுந்து கூறியவன் அவன் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன். அந்நேர்மையாளனை அதட்டி வாயடைத்தவன் யார்? கன்னனே. தன் திறமைக்காகத் தாங்கப்பட்டவன், தாங்கியவனின் பொய்க்குக் காவலனானான். செஞ்சோற்றுக்கடன் எனப் போற்றப்படும் பண்பின் மறுபக்கம் இது. புரவலன் வீரனின் கையை மட்டுமன்றி நாவையும் விலைக்கு வாங்கும்பொழுது, இருவரும் ஒருங்கே வீழ்கின்றனர். குற்றஞ் சாட்டப்பட்டவனை எவ்வாறேனும் காப்பதே நன்றி என்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய பகுதி இதுவாகும்.

மறுதலையான தவற்றைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பொற்கொல்லன் ஒருவன் கூறிய மொழியை மட்டும் கொண்டு, கோவலனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு பணித்தான் பாண்டியன். வினவவில்லை, சான்று தேடவில்லை. உண்மை வெளிப்பட்டபோது அவனுயிரே அவனைவிட்டு நீங்கிற்று. குற்றச்சாட்டு எழுந்த அன்றே வீரனின் பெயரை விளம்பரப் பலகையிலிருந்து அழித்து, அதனையே தூய்மை எனக் கொண்டாடும் நிறுவனங்கள் பாண்டியன் வழுவினையே செய்கின்றன. வேறுபாடு யாதெனில், அவன் தன் தவற்றை உணர்ந்தான். ஆகவே துரியோதனன் வழியும் பாண்டியன் வழியும் தவிர்ந்த மூன்றாவது வழி ஒன்று தேடப்படவேண்டும்.

அவ்வழி இலங்கையின் விளையாட்டு வரலாற்றிலேயே ஓரளவு புலப்படுகின்றது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை எறிதல் எனக் கூறி நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை முறையற்ற பந்தென அறிவித்தார். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடி வளர்ந்து, 1991இல் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரர் விருதையும் பெற்றவர் அவர். அவர் மீதான குற்றச்சாட்டு உலகெங்கும் பரவிற்று. இலங்கை அணி அவரைக் கைவிடவில்லை. அதனினும் முக்கியமானது, ஆராய்ச்சிக்கு அவர் தம் கையை நீட்டியமை. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவரது வீச்சு ஆராயப்பட்டது. பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை, எறிவது போன்ற தோற்றத்தைத் தருகின்றது என அறிந்தனர். 2004இல் அவரது புதுவகைப் பந்தொன்று ஐயத்துக்குள்ளானபோதும் அவர் சோதனைக்கு உட்பட்டார். பின்னர் பந்துவீச்சாளர் பலரது கைகளும் ஓரளவு நிமிர்வதைச் சர்வதேசக் கிரிக்கட் சபை அறிந்து, 15 பாகை என்னும் பொது எல்லையை வகுத்தது. 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். உடன்நிற்றலும் சோதனைக்கு உட்படலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதனாற் பெறப்படும்.

இதனினும் தெளிவானது குசல் ஜனித் பெரேராவின் வழக்கு. 2015 டிசம்பரில், கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் ஒன்று அவரது சிறுநீர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக அறிவித்தது. நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து அவர் திருப்பி அழைக்கப்பட்டார். 2016இன் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பையும் இழந்தார். இலங்கைக் கிரிக்கட் நிறுவனம் அவருக்குச் சட்டத் துணையும் விஞ்ஞானிகளின் துணையும் தேடிக் கொடுத்தது. 2016 மே மாதத்தில், அம்முடிவு அறிவியல் முறைப்படி நிலைக்கத்தக்கதன்று எனக் கண்டு சர்வதேசக் கிரிக்கட் சபை குற்றச்சாட்டை மீளப்பெற்றது. இங்கு தாங்கியோர் தடையை மீறி அவரை ஆடவைத்தாரல்லர். ஆய்வுகூடத்தைத் தூற்றுவதோடு நின்றாரும் அல்லர். சான்றைச் சான்றால் எதிர்கொண்டனர். விளையாட்டறத்துக்கு உகந்த துணை இதுவே.

ஆயின் குற்றஞ் சாட்டப்பட்டோர் அனைவரும் குற்றமற்றவர் அல்லர். 2010இல் டில்லியில் நிகழ்ந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாராச்சி பொன் வென்றார். 1938இன் பின் அப்போட்டியின் குத்துச்சண்டையில் இலங்கை பெற்ற முதற்பொன் அது. நாடே மகிழ்ந்தது. பின்னர் நன்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து அவர் உடலில் இருந்தமை தெரியவந்து, பதக்கம் பறிக்கப்பட்டு வேல்ஸ் நாட்டு வீரருக்குச் சென்றது. பாராட்டு விழாக்களும் பரிசுகளும் முந்திக்கொண்டு வருமாயின், உண்மை பிந்தி வரும்போது கொடுத்தவரும் கொண்டவரும் நாணவேண்டியவராகின்றனர்.

சுசந்திகா ஜயசிங்கவின் வாழ்வோ இவ்விரு பக்கத்தையும் ஒருங்கே காட்டுவது. 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின் விடுவிக்கப்பட்டவர் அவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 1948இல் டங்கன் வைற் பெற்ற வெள்ளிக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவ்வோட்டத்தில் முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து கொண்டமையை 2007இல் ஒப்புக்கொண்ட பின்னரே சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. பொய்யான குற்றச்சாட்டு என்ன செய்யும் என்பதையும், உண்மையான வஞ்சகம் பிறரிடமிருந்து எதனைக் கவரும் என்பதையும் ஒருவரே அனுபவித்தார். பதக்க மேடையில் ஏறவேண்டிய படி, ஆண்டுகள் கழிந்தபின் அஞ்சலில் வரும் பதக்கத்தால் மீளுமா? ஆகவே குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு இரங்குவோர், அவருக்குப் பின்னே ஓடிவந்த நேர்மையாளரையும் மறத்தலாகாது.

மேனாட்டுப் பெருநிறுவனங்களின் வரலாறு இவ்வகையில் எச்சரிக்கையாகவே அமைகின்றது. துவிச்சக்கரவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் மீது ஐயம் எழுந்த காலத்தில், அவ்வையத்துக்கு விடைகூறுவது போன்ற விளம்பரமொன்றை 2001இல் நைக் நிறுவனம் வெளியிட்டது. ஐயத்தை எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகைமீது அவர் வழக்குத் தொடுத்து 2006இல் பணமும் பெற்றார். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் சான்றுகளை வெளியிட்டதும், ஒரு வாரத்துள் நைக் அவரை நீக்கிற்று. குற்றச்சாட்டை வாணிபமாக்கிய காலம் பத்தாண்டுக்கு மேல். நீங்கிய காலம் ஏழு நாள். இதனிடையே உண்மை கூறியோர் பட்ட இன்னலுக்கு விடை யாது? விகர்ணன் கதை வேறு ஆடையில் மீண்டும் வந்தது என்பதன்றி வேறு கூறுதற்கில்லை.

வஞ்சகம் செய்யாதவரும் வஞ்சகர்போல் நடத்தப்படுதல் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். மருந்தும் உண்டாரல்லர், பொய்யும் கூறினாரல்லர். பாலினச் சோதனை ஒன்றின் பேரால் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 இலட்சம் ரூபா அளித்துப் பெருமைப்படுத்தினார். அது மனிதப் பண்பு நிறைந்த செயலே. ஆயினும் அத்தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய அவருக்கு வலிய துணை வாய்க்கவில்லை; பிற்காலத்தில் செங்கற்சூளையில் வேலைசெய்யும் நிலையும் அவருக்கு வந்தது. 2014இல் இதனையொத்த இன்னல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு நேர்ந்தபோது இந்திய விளையாட்டு ஆணையம் அவரது முறையீட்டுக்குத் துணைநின்றது. 2015இல் விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றம் அவ்விதியையே நிறுத்திவைத்தது. பரிசில் கொடுப்பது ஒருநாட் செயல்; நீதி கிடைக்கும்வரை உடன்வருதல் புரவலர் கடன். இரண்டும் ஒன்றல்ல.

கல்லூரி வீரர்பால் இக்கடன் இன்னும் பெரிது. அமெரிக்கக் கல்லூரிகளில் 2021 ஜூலை முதல் மாணவ வீரர் தம் பெயராலும் உருவாலும் பொருளீட்ட இடமளிக்கப்பட்டது. அங்கும் இங்கும் மாணவப் பருவத்தினர் வணிக ஒப்பந்தத்துள் நுழைகின்றனர். ஆயின் பாடசாலை மாணவன் தான் உண்ணும் புரதத்தூளின் உட்பொருளை அறியான். பயிற்றுநர் கொடுத்ததை உண்பான். வயதுச் சான்றிதழை அவன் திருத்துவதில்லை, பெரியோர் திருத்துவர். 2001இல் அமெரிக்கச் சிறுவர் பேஸ்போல் போட்டியில் டானி அல்மொன்ரே என்னும் சிறுவனுக்கு வயது 12 எனக் கூறி ஆடவைத்தனர். அவனுக்கு 14 வயது என்பது பின்னர் வெளிவந்து அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. பெயர் கெட்டது சிறுவனுக்கு. பிழை செய்தவர் வளர்ந்தோர். இதனை உணர்ந்தே 2021இல் நடைமுறைக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவை, இளையோரைப் பாதுகாக்கப்பட்டவர் எனத் தனியே வகுத்து அவர்க்குரிய தண்டத்தைத் தளர்த்தியது. அத்தகையோர் வழக்குகளில் பயிற்றுநர் முதலாய துணைவரையும் விசாரிக்கவேண்டும் எனவும் விதித்தது. இலங்கையிலும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்தையும், 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் ஆட்ட நிர்ணயம் முதலாய குற்றங்களையும் தடுக்க எழுந்தன. சட்டம் உண்டு, ஆயின் அனுசரணையாளரின் மனச்சான்றைச் சட்டம் எழுதிவிட இயலாது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. வஞ்சகத்தின் விதையைப் பலவேளை புரவலரே ஊன்றுகின்றனர். வென்றால் மட்டுமே உதவி, தோற்றால் அடுத்த ஆண்டு இல்லை என்னும் ஒப்பந்தம், நேர்மையான தோல்விக்கு இடமே வைப்பதில்லை. தந்தையின் வலையில் மீன் படாத மாதத்தில், ஒரு நொடியின் நூறிலொரு பங்கால் உதவியை இழக்கவிருக்கும் மாணவனிடம் ஒருவர் மாத்திரை ஒன்றை நீட்டினால், அவன் மறுப்பதற்கு வேண்டும் வலிமையை அவனுக்கு எவர் கொடுத்தனர்? மறுக்கும் உரிமையும் உதவியின் ஒரு பகுதியாக இருத்தல்வேண்டும்.

இனி இதற்கு எழும் தடைகள் சில. குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு உதவுதல் நேர்மையாளனுக்கு இழைக்கும் அநீதி அன்றோ என்பது ஒன்று. பரிசும் புகழும் தொடர்ந்தால் அநீதியே. உணவும் படிப்பும் மருத்துவமும் தொடர்தல் அநீதியன்று. ஒருவனைத் தாங்குதல் வேறு, அவன் வெற்றியைத் தாங்குதல் வேறு. வணிகப் பெயருக்கு இழுக்கு வரும் என்பது மற்றொன்று. இடரில் உடனே ஓடும் பெயரினும், உண்மை காணும்வரை பொறுத்த பெயரே ஊரில் நிலைக்கும். மூன்றாவது தடையே இக்கரையோரத்துக்கு உரியது: கொடுப்போர் சிலரே உள்ள இடத்தில் அவருக்கு நிபந்தனை விதித்தல் இயலுமா? தனி மாணவனால் இயலாது; உண்மையே. ஆனால் பாடசாலையும் பழைய மாணவரும் சேர்ந்தால் இயலும். உதவி நேரே மாணவன் கையிற் செல்லாது பாடசாலையின் பொது நிதிவழிச் செல்லுமாயின், கொடுப்பவர் ஒருவர் விலகினாலும் பிள்ளை தெருவில் நில்லான். கொடுப்பவர் ஒருவருக்கு அவன் அடிமையாதலும் இல்லை.

இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் நெறிகள் சில. உதவி தொடங்கும்போதே, குற்றச்சாட்டு எழுந்தால் நிகழவேண்டியது எழுத்தில் அமைதல் முதலாவது. விசாரணை நடக்கும்வரை விளம்பரமும் பரிசும் நிற்க, படிப்புக்கும் உணவுக்கும் உரிய உதவி தொடர்தல் இரண்டாவது. இரண்டாம் மாதிரிச் சோதனைக்கும் முறையீட்டுக்கும் வேண்டும் துணையளித்து, சான்று கூறுவோரை அச்சுறுத்தாது விடுதல் மூன்றாவது. குற்றம் உறுதியாயின் பரிசை மீளப்பெறினும் பள்ளிப் படிப்பை நிறுத்தாமையும், மருந்து கொடுத்த பெரியோரை மறைக்காமையும் நான்காவது. குற்றமின்மை தெளியின், நிறுத்தியதை நிலுவையோடு கொடுத்து, குற்றச்சாட்டு எத்துணை உரக்கக் கேட்டதோ அத்துணை உரக்க விடுதலையையும் அறிவித்தல் ஐந்தாவது. இவற்றுள் பெருஞ்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை; பொறுமையும் நடுநிலையுமே வேண்டும்.

வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் சூதுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். புரவலருக்கு இம்மூன்றும் ஒருசேர வேண்டப்படுவன. ஆராய்ந்து தேர்தல், தேர்ந்தபின் நடுநின்று தாங்கல், வஞ்சக வெற்றியை விரும்பாமை என்பன அவை. கரையோரப் பிள்ளை ஒருவன் தோற்றுத் திரும்பும் நாளிலும் அவன் கையில் அடுத்த நாளுக்குரிய பேருந்துக் காசு இருக்குமாயின், பொய்யால் வெல்லவேண்டிய தேவை அவனுக்கு இராது. கல்லூரிகள் தம் மைதான வேலியில் எவர் பெயரை எழுதலாம் என முடிவுசெய்யும் நாளில், முதலிற் கேட்கத்தக்க வினா கொடையின் அளவு அன்று. தோல்வியையும் அவர் தாங்குவாரா என்பதே.